மூன்று பொட்டலம் தங்கம்

மாதிரி அறைக்குள் குண்டுமணித் தங்கத்தோடுகூட யாரும் நுழைய முடியாது. மாவக்கா விடமாட்டாள். கதவருகே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பாள். மோதிரம், சங்கிலி, தோடு எல்லாம் அதில் இறங்கிய பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். ஒருமுறை சுரங்கத் துறையின் பெரிய அதிகாரி ஒருவர், கல்யாணத்தன்று ஏறியதோடு சரி, அப்புறம் விரலைவிட்டு இறங்கவே இறங்காத மோதிரத்தோடு வாசலில் வந்து நின்றார். அவள் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தாள். கால் மணி நேரம் அவர் விரலோடு மல்லுக்கட்டியதை வளாகமே வேடிக்கை பார்த்தது.

அவள் கறாராக இருந்ததில் தப்பே இல்லை. அந்த மலையில் இருப்பது தாமிரம், கூடவே துளியூண்டு தங்கம். ரிக் மெஷின் மலையைத் துளைத்து, கரும்புத் தடிமனில் நீள நீளமாகக் கல்தண்டை வெளியே எடுக்கும். அதை நெடுக்காக இரண்டாக அறுத்து ஒரு பாதியைத் தட்டில் அடுக்கிப் பத்திரப்படுத்துவார்கள். மறுபாதி மாவக்காவிடம் வரும். அவள் அதை உடைத்து, அரைத்து, சலித்து, ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டி, எண் ஒட்டி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவாள். டன் கல்லுக்கு எவ்வளவு தாமிரம், எத்தனை கிராம் தங்கம் என்று அங்கிருந்து பதில் வரும். டன்னுக்கு அரை கிராம் தங்கம் என்று வந்தாலே அண்ணன் விசிலடிப்பார். அவ்வளவு நுணுக்கமான கணக்கில் ஒரு மோதிரம் உரசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

அண்ணன் என்றால் அவளுடைய சொந்த அண்ணன்தான், அந்தத் திட்டத்தின் மேலாளர். வளாகத்தில் பாதிப்பேர் அவரை சார் என்பார்கள், மீதிப்பேர் பயத்தில் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு முப்பத்தோரு வயது. தினமும் சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை பாறை மாவு அப்பிக்கொண்டு வெளியே வருவதால் மாவக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மோதிரத்தோடு உள்ளே போனாள்.

கொடுத்தவர் ரிக் மாஸ்டர். மெஷினை ஓட்டுகிறவர், தோளுக்கு மேல் எப்போதும் கிரீஸ் வாசம். அவருக்கும் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். கல்தண்டு முழுசாக வரவில்லை, பாதி வழியில் நொறுங்கிவிட்டது என்று அண்ணன் கத்துவார். உங்கள் மலை நொறுங்கினால் நான் என்ன பசைபோட்டு ஒட்டியா தரமுடியும் என்று இவர் கேட்பார். தினசரி காலை இந்தக் கச்சேரி நடக்கும். அதை ஒட்டுக்கேட்டுக் கேட்டு ரசித்தே மாவக்கா அவர்மேல் ஆசைப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அண்ணனுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள்.

அன்று காலை தட்டுகள் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால் வைத்து அவர் மோதிரத்தை நீட்டினார். இடது கையில் போட்டுவிடும்போது முதலில் தப்பான விரலில் மாட்டினார், அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அழுதாள். அதன் பிறகு அவள் நடந்து வந்தாளா மிதந்து வந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. கதவருகே வந்ததும் டப்பாவைப் பார்த்தாள். கழற்ற மனசு வரவில்லை. கையுறைதான் போடப்போகிறோமே, அதற்குள் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சல்லடையில் கடைசியாகத் தங்கும் கட்டிகளை மெஷின் தட்டட்டும் என்று விடமாட்டாள். இடது உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு தேய்த்து இறக்கிவிடுவாள். அன்று பாட்டு வேறு பாடிக்கொண்டு தேய்த்தாள். சாயங்காலம் கையுறையைக் கழற்றியபோது மோதிர விரல் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. பழைய கையுறை என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து பட்டியல் வந்தது. நாற்பது பொட்டலங்களுக்கான முடிவு. முப்பத்தேழில் வழக்கம்போல அரை கிராமும் அதைச் சுற்றியும்தான். மீதி மூன்றில் பதினொன்று புள்ளி ஆறு, பதினான்கு புள்ளி இரண்டு, பத்து புள்ளி ஒன்பது.

அண்ணன் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். மற்றது அலுவலக வாசலிலேயே கிடந்தது. காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எட்டு வருஷமாக யாருக்கும் காட்டாத சிரிப்பைக் கல் அறுக்கும் ஆட்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் வாரி வழங்கினார். யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்று பார்க்காமல் ரிக் மாஸ்டரையே கட்டிப்பிடித்து, சட்டையெல்லாம் கிரீஸாகி, அதற்கும் சிரித்தார். கேன்டீனில் எல்லோருக்கும் இனிப்பு. காவலாளிக்கு இரண்டு முறை இனிப்பு. மத்தியானத்துக்குள் செய்தி ஊருக்குள் இறங்கிவிட்டது. வளாகத்துக்கு எதிரே இருந்த முடிதிருத்துகிறவர் கடைப் பலகையில் 'தங்கமலை' என்று எழுதச் சொல்லி ஓவியரைக் கூப்பிட்டுவிட்டார். டீக்கடைக்காரர் வெளிநாட்டுக்காரர்கள் என்ன மாதிரி டீ குடிப்பார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து, நாலு விதமான பதில் வாங்கி, நாலையும் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் விஷயம் இதுதான். மலையைச் சுரங்கமாக்க அண்ணனின் கம்பெனிக்குத் தனியாக வசதி போதாது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைக் கூட்டுச் சேர்க்க இரண்டு வருஷமாகப் பேச்சு நடந்தது. அவர்கள் இதோ அதோ என்று பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டு அமைந்தால் இன்னும் பன்னிரண்டு துளை போடவேண்டும், அதாவது ரிக் மாஸ்டருக்கு இங்கேயே ஒன்றரை வருஷம் வேலை. அமையாவிட்டால் மாதக் கடைசியில் ரிக்கைப் பிரித்துக் கப்பலேற்றி, அவரையும் கூடவே இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கடல்கடந்து அனுப்பிவிடுவார்கள். அண்ணன் அந்தப் பட்டியலை அனுப்பிய இரண்டாம் நாளே பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை நேரில் வருகிறோம், மாதிரி அறையின் பதிவேடுகளையும் பார்க்க விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷமாக அசையாதவர்கள் விமானம் ஏறுகிறார்கள் என்றால் சும்மாவா என்று அண்ணன் வீட்டில் அந்தக் கடிதத்தைச் சத்தம்போட்டு வாசித்தார்.

மாவக்காவும் குதித்தாள். ஒன்றரை வருஷம், ஒன்றரை வருஷம் என்று கல் அரைக்கும் மெஷினின் சத்தத்துக்குத் தாளம் போட்டுச் சொல்லிக்கொண்டாள். அண்ணன் கடைசியாகக் காகிதத்தை அவள் கையில் கொடுத்து, பதிவேட்டில் அந்த மூன்று எண்ணுக்கும் எதிரே சிவப்புக் கோடு போடச் சொன்னார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். மூன்று எண்ணும் அடுத்தடுத்து இருந்தன. தேதியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை. மத்தியானம் அரைத்தவை.

மோதிரத்தோடு உள்ளே போன நாள், கையுறையில் ஓட்டை விழுந்த நாள். ஆனாலும் ஒரு ஆசை, இருக்காதென்று. வீட்டுக்கு ஓடிப்போய், துணிகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்த மோதிரத்தையும் நகைக்கடைச் சீட்டையும் எடுத்துவந்தாள். சீட்டில் இருபத்துநாலு காரட் சுத்தத் தங்கம், எடை நாலு புள்ளி இரண்டு ஒன்று பூஜ்யம் கிராம் என்று இருந்தது. பக்கத்து அறையில் இருந்த, மூச்சு விட்டாலே முள் ஆடும் தராசில் மோதிரத்தை வைத்தாள். நாலு புள்ளி ஒன்று ஏழு ஐந்து என்று காட்டியது. துடைத்து வைத்தாள், அதேதான். ஊரே இனிப்பு தின்று கொண்டாடிய தங்கம் அவள் விரலிலிருந்து போன தங்கம்.

நேரே ரிக் மாஸ்டரிடம் போனாள். மெஷின் இரைச்சலில் அவர் காதருகே போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவருக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். முடிதிருத்துகிறவர் கடைப் பலகையை நினைத்து இன்னொரு தரம் சிரித்தார். அவளும் அழுகையை விட்டுவிட்டுச் சேர்ந்து சிரித்தாள். பைத்தியம் பிடித்த மாதிரி இரண்டுபேரும் சிரித்து ஓய்ந்தபோது, அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு உறைத்தது.

"சொல்லிட்டா நீங்க போயிடுவீங்க," என்றாள் அவள்.

"போகணும். ரெண்டு வருஷம் ரொம்ப நாள்தான்." அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆனா இல்லாத தங்கத்துக்கு என்னால பன்னெண்டு துளை போட முடியாது. ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் எனக்குத் தெரியுமே."

அவள் மாதிரி அறைக்குத் திரும்பினாள். அடுத்த இரண்டு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதும், அண்ணனின் முகத்தைப் பார்த்து மூடிக்கொள்வதுமாக இருந்தாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று வரவேற்புரை பழகிக்கொண்டிருந்தார். குளியலறையில் பாடினார். எட்டு வருஷம் அந்த மலையே கதியென்று கிடந்த மனுஷன். அவரிடம் எப்படிச் சொல்வது? அண்ணி மட்டும் ஒருதரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க அண்ணனுக்குப் பூமிக்குள்ள முந்நூறு மீட்டர் கீழ என்ன இருக்குன்னு தெரியும். எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறவ முகத்துல என்ன இருக்குன்னு தெரியாது," என்றாள். மாவக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை இரண்டுபேர் வந்தார்கள். தலைவி ஒரு வெள்ளைமுடி அம்மாள், நிலவியல் படித்தவர், நாற்பது வருஷம் கல்லோடு காலம் தள்ளியவர் என்று உள்ளங்கையைப் பார்த்தாலே தெரிந்தது. கூட ஒரு வழக்கறிஞர். மொழிபெயர்க்க அண்ணன் ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார். கூட்ட அறையில் நீள மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், நடுவில் அந்தப் பட்டியல், மூன்று எண்ணும் மஞ்சள் மையில் பளபளவென்று. அண்ணன் வரவேற்புரையை ஆரம்பித்தார். மலையின் வரலாறு முடிந்து, கல்லின் வகை முடிந்து, தங்கத்துக்கு வந்தார். வெள்ளைமுடி அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. பதிவேட்டோடு கதவோரம் நின்றிருந்த மாவக்கா அந்த அம்மாளின் மௌனத்தைக் கவனிக்கும் நிலையிலா இருந்தாள்?

"எட்டு வருஷ உழைப்புக்கு இந்த மலை கொடுத்த பரிசு இது," என்றார் அண்ணன்.

"மலை கொடுக்கல அண்ணா," என்றாள் அவள். "நான் கொடுத்தது."

மேஜையருகே வந்து நடந்ததைச் சொன்னாள். மோதிரம், கையுறை, சல்லடை, செவ்வாய்க்கிழமை. யார் கொடுத்த மோதிரம் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அண்ணனின் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர். இதை மொழிபெயர்க்கலாமா கூடாதா என்று அண்ணனைப் பார்த்து, அண்ணன் கல்லாய் நிற்பதைப் பார்த்து, தண்ணீர் குடித்து, இன்னொரு பாட்டிலையும் திறந்தார். அவரை நம்பிப் பயனில்லை என்று அவள் முடிவுகட்டினாள். மோதிரத்தை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கடைச் சீட்டு, அதன் பக்கத்தில் தராசு எடை எழுதிய துண்டுக்காகிதம், கடைசியாகப் பதிவேட்டின் அந்தப் பக்கம்.

வெள்ளைமுடி அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் பேனாவைத் திறந்தார். ஒரு கிலோ பொட்டலம், டன்னுக்கு பதினொன்று புள்ளி ஆறு கிராம் என்றால் அந்தப் பொட்டலத்தில் பதினொன்று புள்ளி ஆறு மில்லிகிராம். மூன்றையும் கூட்டினார். முப்பத்தாறு புள்ளி ஏழு. கல்லில் இயல்பாக இருக்கக்கூடியதைக் கழித்தார். முப்பத்தைந்து. பிறகு மோதிரத்தின் பழைய எடையிலிருந்து புது எடையைக் கழித்தார். முப்பத்தைந்து. பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். வழக்கறிஞர் எட்டிப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அண்ணனுக்கு இப்போதுதான் குரல் வந்தது. கூட்டு போனதற்கு அழுவதா, இன்னொன்றைக் கேட்பதா என்று ஒரு நிமிஷம் தடுமாறி, இன்னொன்றையே கேட்டார்.

"மோதிரமா? யாரு போட்ட மோதிரம்?"

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"அவங்க இன்னைக்கு வந்ததே, கூட்டு வேண்டாம்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தானாம். இந்த மூணு நம்பரைப் பார்த்ததுமே பொய்யின்னு தெரிஞ்சுபோச்சாம். ஆனா பொய் எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியல. அது தெரியாத வரைக்கும் இதுவரை அனுப்பின ஆயிரத்து நூறு பொட்டலத்தையும் நம்ப முடியாதாம். தாமிரக் கணக்கு உட்பட. இப்ப தெரிஞ்சுபோச்சு. ஒரு மத்தியானம், ஒரு மோதிரம், மூணு பொட்டலம். மீதி அத்தனையும் சுத்தம்னு சொல்றாங்க."

அந்த மூன்று கல்தண்டின் மறுபாதிகளைத் தட்டிலிருந்து எடுத்து, வேறொரு ஆய்வகத்துக்குத் தாங்களே கொண்டுபோவதாகச் சொன்னார்கள். அங்கே அரை கிராமே வந்தால் போதும், அவர்களுக்கு வேண்டியது தாமிரம், அது இந்த மலையில் தாராளமாக இருக்கிறது. அதுவரை ரிக்கைப் பிரிக்கக்கூடாது, வாடகை அவர்கள் பொறுப்பு என்று வழக்கறிஞர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதிரி அறைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுகிறேன் என்று அண்ணன் தழுதழுத்தபோது, அந்த அம்மாள் வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினார். இனி உலகத்தில் யார் மறந்தாலும் இந்தப் பெண் மறக்கமாட்டாள் என்றார். கையால் சல்லடை தேய்ப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

பத்தே நாள். மறுபாதிகளில் புள்ளி ஐந்து, புள்ளி ஆறு, புள்ளி ஆறு. கூட்டுக் கடிதம் மின்னஞ்சலில் வந்து இறங்கியது. பன்னிரண்டு துளை. வளாகம் மறுபடியும் தலைகால் புரியாமல் ஆடியது. மாவக்காவுக்குக் கல் அரைக்கும் மெஷினையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் போகவில்லை, போகவே போவதில்லை என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பத்து நாளும் அவளிடம் முகம்கொடுத்துப் பேசாமல், வளாகத்தில் இருந்த ஒவ்வோர் ஆணையும் அளவெடுத்துக்கொண்டிருந்தார். கணக்காளரைச் சந்தேகப்பட்டார். ஐம்பத்தெட்டு வயது காவலாளியைக்கூட ஒரு நாள் சந்தேகப்பட்டார். கடைசியில் அண்ணிக்கே பொறுக்கமுடியாமல், கூட்டுக் கடிதம் வந்த அன்று மத்தியானம், தான் முன்னமே கண்டுபிடித்துவைத்திருந்த பெயரைச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்து மலையேறினார். செய்தி கேட்ட மாவக்கா பின்னாலேயே ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ரிக் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. அண்ணன் ரிக் மாஸ்டரின் காதருகே நின்று கைகளை வீசி வீசிக் கத்திக்கொண்டிருந்தார், ஒரு சொல்லும் கேட்கவில்லை. ரிக் மாஸ்டர் ஒன்றும் புரியாமல், துளை பாதியில் இருக்கும்போது எந்த மாஸ்டரும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். மெஷினை நிறுத்திவிட்டார்.

அண்ணனின் குரல் மட்டும் நிற்கவில்லை. மலை முழுக்க, கல் அறுக்கும் கொட்டகை, கேன்டீன், கீழே டீக்கடை வரைக்கும் கேட்டது.

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன, நான் என்ன முடியாதுன்னா சொல்லியிருப்பேன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாவக்கா பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லியிருப்பீங்க சார்," என்றார் ரிக் மாஸ்டர்.

அண்ணன் யோசித்தார். நேர்மையான மனுஷன், நன்றாகவே யோசித்தார்.

"ஆமா, சொல்லியிருப்பேன்," என்றார். தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தலையெல்லாம் பாறை மாவு, கன்னத்தில் மட்டும் கண்ணீர் இறங்கிய இரண்டு கோடு. அவருக்கு அதற்கு மேல் கோபப்பட வரவில்லை. "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அவ மோதிரத்தை மேஜைல வெச்சா. நீ போயிடுவேன்னு தெரிஞ்சே வெச்சா. அப்படிப்பட்டவளுக்கு நான் இப்ப முடியாதுன்னு சொல்லுவேனா?"

ரிக் மாஸ்டர் கிரீஸ் கையோடு எதையோ கேட்க வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை, தினம் காலையில் அண்ணனோடு மல்லுக்கு நிற்கிற அதே வாய்தான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேளு," என்றார் அண்ணன். "இப்ப மெஷினைப் போடு, குழாய் உள்ள சிக்கிக்கப்போகுது."